மூணு சக்கரம் பாஸ் ஆனா போதாது

தலைப்பைப் பார்த்துட்டு ஷேர் ஆட்டோ பத்தின கட்டுரைன்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். இது நாலு சக்கரக் கதை.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல எங்க வீட்டை ஒட்டி கொஞ்சம் காலி இடம் இருக்கு. அதுல ஒரு வேப்பமரம். மரத்தடியில ரெண்டு வண்டி நிக்கும். ஒண்ணு, தாத்தா 1998-ல வாங்கின மாருதி 800. இன்னொண்ணு, அப்பாவோட டாடா ஏஸ். நம்ம பாஷையில குட்டி யானை. முதல் வண்டி எங்க வீட்டு ஞாபகம். ரெண்டாவது வண்டி எங்க வீட்டுச் சோறு. மூணு வருஷமா லீவு விட்டா நான் அந்த மரத்தடியிலதான் கிடக்கேன். கையில ஸ்பானர், தலையில அம்மாவோட பழைய துண்டு.

"மெக்கானிக்கல் படிக்கிற பொண்ணு வண்டி ரிப்பேர் பார்க்கிறதுல என்ன அதிசயம்?"னு கேப்பீங்க. நம்ம டிபார்ட்மென்ட் ஃபைனல் இயர்ல யாரையாவது கூப்பிட்டு, உங்க பைக் செயினை டைட் பண்ணித் தரச் சொல்லிப் பாருங்க. அப்புறம் பேசலாம்.

நான் எல்கேஜியில இருந்தே இங்கிலீஷ் மீடியம். கார்புரேட்டரோட படத்தை அம்புக்குறி போட்டு, பார்ட்ஸ் பேர் எழுதி, 13 மார்க் வாங்கத் தெரியும். ஆனா மரத்தடியில எனக்கு முதல்ல தேவைப்பட்டது ஸ்பானர் இல்லை, பாஷை. நான் 'த்ரெட்'னு படிச்சதை அப்பா 'மரை'ன்னு சொல்வார். மரை கழண்டவன்னு ஆளைத் திட்டித்தான் நான் கேட்டிருக்கேன். உண்மையிலேயே போல்ட்டுக்கு மரைன்னு ஒண்ணு இருக்கு, அது தேஞ்சா எந்தப் பலசாலி முறுக்கினாலும் நிக்காதுங்கிறது அப்பதான் புரிஞ்சது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு 'செல்ஃப்'. பேரிங் தேஞ்சதுக்கு 'ஆட்டம்'. பிரேக் லைன்ல காத்து மாட்டிக்கிட்டா 'ஏர் புடிச்சிருக்கு'. புத்தகத்துல ஒரு பாரா எழுதினதை எங்க தெரு மெக்கானிக் அண்ணாச்சி ரெண்டு வார்த்தையில முடிச்சிடுவார். அந்த ரெண்டு வார்த்தையில நோயும் இருக்கும், பாதி வைத்தியமும் இருக்கும்.

முதல்ல 800

கத்துக்கிறதுக்கு மாருதி 800 மாதிரி நல்ல வண்டி கிடையாது. 1983 டிசம்பர்ல வந்து 2014 ஜனவரி வரைக்கும் தயாரான வண்டி. மூணு சிலிண்டர், 796 சிசி. பானெட்டைத் திறந்தா எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கையும் உள்ள போகும். தாத்தாவோடது கார்புரேட்டர் வச்ச மாடல். கம்ப்யூட்டர்னு ஒண்ணு அதுல கிடையவே கிடையாது.

அதோட நோய் இதுதான்: ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஆனா ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா நின்னுடும். ஒரு பெரிய வொர்க்‌ஷாப்புல கொண்டுபோய்க் காட்டினோம். "எஞ்சின் வேலை இருக்கு, முப்பத்தஞ்சாயிரம் ஆகும், பேசாம காயலான் கடைக்குப் போட்டுடுங்க"ன்னாங்க. தாத்தா ஒண்ணும் பேசாம சாவியை வாங்கிக்கிட்டு வந்துட்டார். அந்த வண்டியிலதான் எங்க அம்மா பிரசவத்துக்குப் போனாங்க. நான் அதே வண்டியிலதான் வீட்டுக்கு வந்தேன். அதைக் காயலான் கடைன்னு சொன்னா யாருக்கும் பேச்சு வராது.

நான் செஞ்சதைச் சொல்றேன். முதல்ல ஒண்ணையும் கழட்டலை, யோசிச்சேன். எஞ்சின் வேகமா ஓடும்போது சரியா இருக்கு, மெதுவா ஓடும்போது மட்டும் நிக்குது. கம்ப்ரஷன் போயிருந்தா ரெண்டுலயும் தெரியணும். கார்புரேட்டர்ல மெதுவா ஓடுறதுக்குன்னு தனியா ஒரு சின்ன ஜெட் இருக்கு. அதோட ஓட்டை ஊசி முனை அளவுதான். பல மாசம் நிக்கிற வண்டியில பெட்ரோல் ஆவியாகி, அடியில பசை மாதிரி படியும். முதல்ல அடைபடுறது அந்தச் சின்ன ஓட்டைதான். இது நாலாவது செமஸ்டர்ல படிச்ச பாடமே. ஆனா தேர்வுத்தாள்ல அது ஒரு கேள்வி, இங்கே அது ஒரு சந்தேகம். இந்தச் சந்தேகத்தை நாமளே போய்த் தீர்த்துக்கணும்.

கழட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு குழாயையும் போட்டோ எடுத்தேன். கழட்டின ஸ்க்ரூ எல்லாத்தையும் அம்மாவோட ஓட்டை விழுந்த பழைய இட்லித் தட்டுல, கழட்டின வரிசையிலயே ஒவ்வொரு குழியில வச்சேன். (இதை எந்த லேப்லயும் சொல்லித்தர மாட்டாங்க, நோட் பண்ணிக்கோங்க.) ஸ்பார்க் பிளக் வயருங்களுக்கு நெயில் பாலிஷால 1, 2, 3-ன்னு நம்பர் போட்டேன். ஏன்னா அந்த எஞ்சின்ல பிளக் எரியிற வரிசை 1-3-2. நாலு ஸ்ட்ரோக்குக்கு 720 டிகிரி, மூணு சிலிண்டருக்குப் பங்கு போட்டா 240 டிகிரிக்கு ஒரு அடி. வயரை மாத்திச் செருகினா வண்டி இருமும், ஓடாது.

ஃப்ளோட் சேம்பரைத் திறந்தா உள்ள காப்பி டிகாக்‌ஷன் அடியில தங்கிற மண்டி மாதிரி கறுப்பா ஒரு படிவம். சின்ன ஜெட்டைத் தூக்கி வெயிலுக்கு நேரா பிடிச்சுப் பார்த்தேன். வெளிச்சம் வரலை. கிளீனர் ஸ்ப்ரே அடிச்சு, காத்தடிச்சு, மறுபடி பிடிச்சுப் பார்த்தேன். குண்டூசி முனை அளவுக்கு ஒரு வெளிச்சப் புள்ளி. புது கேஸ்கெட், வெடிச்சுப்போன ஒரு ரப்பர் ஹோஸ், ஸ்ப்ரே, எல்லாம் சேர்த்து 1,140 ரூபாய் ஆச்சு. சாயங்காலம் வண்டி ஸ்டார்ட் ஆகி, காலை எடுத்தும் நிக்காம சீரா ஓடினப்போ தாத்தா பானெட் மேல கையை வச்சுக்கிட்டு நின்னார். டாக்டர் நாடி பார்க்கிற மாதிரி.

இப்படிக் கழட்டிப் பார்த்துக் கத்துக்கிட்டவங்க வரலாறு நம்ம ஊர்ல பெருசு. கோயம்புத்தூர் பக்கம் கலங்கல்ல 1893-ல பிறந்த ஜி.டி. நாயுடு, பள்ளிப் படிப்பைப் பாதியில விட்டவர். ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து, அதை வாங்கியே ஆகணும்னு ஹோட்டல்ல சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்தார். வாங்கினதும் ஊர் சுத்தலை. அக்கக்காகக் கழட்டி, திரும்ப மாட்டினார். 1920-ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல ஒரே ஒரு பஸ்ஸை ஓட்ட ஆரம்பிச்சவர், பிறகு பெரிய போக்குவரத்து நிறுவனமே நடத்தினார். மதுரையில டி.வி. சுந்தரம் ஐயங்காரோட நிறுவனம், இரண்டாம் உலகப் போர்ல பெட்ரோல் கிடைக்காதப்போ கரியில இருந்து வாயு எடுத்து வண்டி ஓட்டுற கருவியைச் செஞ்சு கொடுத்தது. இன்னைக்கும் லாரிக்கு பாடி கட்டணும்னா நாமக்கல், பஸ்ஸுக்குன்னா கரூர்னு ஓடுறோம். நம்ம மாநிலத்துல வண்டிங்கிறது ஷோரூம்ல முடிஞ்சுபோற பொருளா என்னைக்குமே இருந்ததில்லை.

பிறகு குட்டி யானை

இப்பதான் விஷயத்துக்கு வரேன். 800 வேலை செய்யலைன்னா என்ன ஆகும்? மரத்தடியில நிக்கும், அவ்வளவுதான். குட்டி யானை அப்படி இல்லை.

டாடா ஏஸ் 2005 மே மாசம் வந்தது. ரெண்டே சிலிண்டர், 702 சிசி டீசல் எஞ்சின். முக்கால் டன் சரக்கு. அதுவரைக்கும் மூணு சக்கர வண்டியில சரக்கு ஏத்தினவங்களுக்கு நாலாவது சக்கரம் கிடைச்சது அப்பதான். அப்பாவோடது செகண்ட் ஹேண்ட்ல வாங்கின 2011 மாடல். காலையில பால்கோவா கடைகளுக்குப் பால் கேன். மதியம் ராஜபாளையத்துல இருந்து நூல் மூட்டை. சீசன்ல மலையடிவாரத் தோப்புல இருந்து மாங்காய், தேங்காய். தேங்காய் லோடுன்னா பெரும்பாலும் 744 நெடுஞ்சாலையில செங்கோட்டை வழியா புனலூர். அதாவது ஆரியங்காவு மலைப்பாதை.

போன வருஷம் மே மாசம், நான் லீவுல இருந்தப்போ, அப்பா சாப்பிட்டுக்கிட்டே சொன்னார்: "பிரேக் ரெண்டு மிதி கேக்குது." ஒரு தடவை மிதிச்சா பெடல் பாதிக்கு மேல இறங்குது, ரெண்டாவது மிதிக்குத்தான் பிடிக்குதுன்னு அர்த்தம். மெக்கானிக் அண்ணாச்சிக்கு அந்த வாரம் கை நிறைய வேலை. வண்டி நின்னா ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் போகும். அப்பா என்னைப் பார்த்து, "நீ பார்க்கிறியா பாப்பா?"ன்னு கேட்டார்.

உங்களுக்குப் பிரேக் எப்படி வேலை செய்யுதுன்னு தெரியும்தான். பாஸ்கல் விதி. மூடின திரவத்துல ஒரு இடத்துல கொடுக்கிற அழுத்தம் எல்லா இடத்துக்கும் போகும். கால்ல மிதிக்கிறோம், மாஸ்டர் சிலிண்டர் திரவத்தைத் தள்ளுது, சக்கரத்துல இருக்கிற சிலிண்டர் பிரேக் ஷூவை டிரம் மேல அமுக்குது. இது வேலை செய்யிறதுக்குக் காரணம் ஒண்ணே ஒண்ணுதான்: திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. அந்த இடத்துல ஒரு சின்னக் காத்துக் குமிழ் வந்துட்டா, உங்க மிதி எல்லாம் அந்தக் குமிழைச் சுருக்கிறதுலயே போயிடும். சக்கரத்துக்கு ஒண்ணும் போகாது.

இன்னொண்ணு. நாம பிரேக் ஆயில்னு சொல்றது எண்ணெயே இல்லை. அது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கும். புதுசா இருக்கிற டாட் 3 திரவம் குறைஞ்சது 205 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்காது. ஈரம் சேர்ந்துட்டா அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிடலாம். இறங்கினா என்ன? ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. லோடோட ஏஸ் 1,550 கிலோ. மலையில 300 மீட்டர் உயரம் இறங்குறதா வச்சுக்கோங்க. எடை, ஈர்ப்பு, உயரம் மூணையும் பெருக்கினா சுமார் 45 லட்சம் ஜூல். கிட்டத்தட்ட 15 லிட்டர் தண்ணியைக் கொதிக்கிற அளவுக்குக் கொண்டுபோற சூடு. எஞ்சின் பிரேக்குல கொஞ்சம் போகும், காத்துல கொஞ்சம் போகும். மிச்சம் முழுக்க அந்த நாலு சக்கரத்துக்குள்ளதான். அங்கே பழைய திரவம் கொதிச்சா ஆவி வரும். ஆவியை அமுக்கினா சுருங்கும். வளைவுல அப்பா மிதிப்பார், பெடல் தரை வரைக்கும் போகும்.

இந்தக் கணக்கை நான் வேப்பமரத்தடியில உக்காந்து போன்ல போட்டேன். விடை வந்ததும் கொஞ்ச நேரம் எந்திரிக்கலை.

அப்புறம் எந்திரிச்சேன். எங்க ஊர்ல ஆடிப்பூரத் தேர் ஓடும். அத்தாம்பெரிய தேரைக் கிளப்ப ஆயிரம் பேர் வடம் பிடிச்சாலும், அதை நிறுத்துறது சக்கரத்துக்கு அடியில கட்டை போடுறவங்கதான். நிறுத்தத் தெரியாதவன் நகர்த்தக்கூடாதுங்கிறது தேர் ஓடுற ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால முதல் வேலை கட்டை. முன் சக்கரம் ரெண்டுக்கும் ரெண்டு பக்கமும் கட்டை போட்டேன். சமதளத்துல ஜாக்கி வச்சுத் தூக்கி, ஆக்ஸிலுக்கு அடியில இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, வண்டியை அதுல இறக்கி, ஆட்டிப் பார்த்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு விரலைக்கூட வண்டிக்கு அடியில நீட்டக்கூடாது. இந்தக் கட்டுரையில இருந்து ஒரே ஒரு வரியைத்தான் எடுத்துட்டுப் போவீங்கன்னா, அது இதுவா இருக்கட்டும்.

பின் சக்கரம் இடது பக்க டிரம்மைக் கழட்டினதுமே காரணம் தெரிஞ்சது. வீல் சிலிண்டரோட ரப்பர் கப் தேஞ்சு, திரவம் கசிஞ்சு, ஷூ லைனிங் முழுக்க நனைஞ்சு பளபளன்னு இருந்தது. டிரம் உள்பக்கம் விரலை ஓட்டினா பள்ளம் பள்ளமா இருந்துச்சு. "மத்த சக்கரம் நல்லாத்தானே இருக்கும், இதை மட்டும் பார்ப்போம்"னு மனசு சொல்லும். இடது பக்கம் மட்டும் புதுசாப் போட்டா பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமா இழுக்கும். அதனால ரெண்டு பக்கமும் புது சிலிண்டர், புது ஷூ. முன்பக்க பேடையும் கழட்டிக் கனம் பார்த்தேன், நல்லா இருந்தது.

டிரம் ரெண்டையும் ஒரு சாக்குல கட்டிக்கிட்டு ராஜபாளையம் போனேன். 12 கிலோமீட்டர்தான். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல ராஜபாளையம் மில்ஸ் ஆரம்பிச்சதுல இருந்து மில்லாவே வளர்ந்த ஊர் அது. மில் மெஷினுக்கு வேலை செஞ்சு பழகின லேத் பட்டறைங்க அங்கே உண்டு. நாலு செமஸ்டர் லேத் பத்திப் படிச்ச நான், அங்கேதான் ஒரு மில்லிமீட்டர்ல எத்தனை பங்குன்னு ஒருத்தர் கை நிதானிக்கிறதைப் பார்த்தேன். டிரம் ஓரத்துல 'இதுக்கு மேல கடையாதே'ன்னு ஒரு அதிகபட்ச விட்டம் வார்ப்புலயே போட்டிருக்கும். பட்டறைக்காரர் முதல்ல அதைத்தான் தேடிப் படிச்சார். அப்புறம்தான் மெஷினை ஓட்டினார். "இன்னும் ஒரு தடவை கடையலாம், அதுக்கப்புறம் புதுசுதான் போடணும், சொல்லிட்டேன்"னார். எனக்கு அது ஒரு வைவா மாதிரியே இருந்துச்சு. ஆனா கேள்வி கேட்டது அவர் இல்லை, அந்த டிரம்.

எல்லாம் மாட்டினதுக்கு அப்புறம் ஏர் எடுக்கணும். அதுக்கு ரெண்டு ஆள் வேணும். அப்பா வெளியே போயிருந்தார், தாத்தாவுக்கு முட்டி வலி. ஆக, வாழ்க்கையில ஸ்டியரிங்கே பிடிக்காத எங்க அம்மா டிரைவர் சீட்ல. மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்ப தூரத்துல இருக்கிற சக்கரத்துல ஆரம்பிச்சேன். நிப்பிள்ல ஒரு டியூப் மாட்டி, மறுமுனையைப் புதுத் திரவம் கொஞ்சம் ஊத்தின பாட்டில்ல முக்கி வச்சேன்.

"அமுக்கும்மா... அமுக்கு... அமுக்கு... அப்படியே பிடிச்சுக்கோ!"

நான் நிப்பிளைத் திறப்பேன். பழுப்பு நிறத் திரவமும் குமிழும் வரும். மூடுவேன். "இப்ப விடு." மூடுறதுக்கு முன்னாடி பெடலை விட்டா காத்து திரும்ப உள்ள போயிடும். பத்து தடவைக்கு அப்புறம் அம்மாவுக்கே பிடிபட்டுடுச்சு. "ஏத்தா, இப்ப கல்லு மாதிரி நிக்குது பாரு"ன்னாங்க. பாஸ்கல் விதிக்கு அதைவிட நல்ல விளக்கம் எந்த புக்லயும் நான் படிக்கலை. நடுவுல பக்கத்து வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்து, "பொட்டப் பிள்ளைய வண்டிக்கு அடியில படுக்கப் போட்டுட்டு நீ மேல உக்காந்து என்ன பண்றே?"ன்னு அம்மாவைக் கேட்டாங்க. அம்மா பெடல்ல இருந்து காலை எடுக்காமலே, "பேச்சு குடுக்காதீங்கத்தை, எடுத்தா காத்துப் போயிரும்"னு பதில் சொன்னாங்க.

நாலு சக்கரமும் முடிஞ்சது. காலி மைதானத்துல மெதுவா ஓட்டி, மிதிச்சு, இறங்கிப் போய்க் கசிவு இருக்கான்னு பார்த்தேன். அப்புறம் கொஞ்சம் வேகம். ஒவ்வொரு சக்கரத்துப் பக்கமும் கையை நீட்டிச் சூடு ஒரே மாதிரி இருக்கான்னு பார்த்தேன். ராத்திரி மெக்கானிக் அண்ணாச்சியை வரச்சொல்லி, "நீங்களே ஒரு சக்கரத்தைத் தேர்ந்தெடுத்துத் திறந்து பாருங்க"ன்னேன். அவர் வலது பின் சக்கரத்தைத் திறந்தார். டார்ச் அடிச்சுப் பார்த்தார். ஒண்ணும் சொல்லாம மூடினார். அண்ணாச்சி ஒண்ணும் சொல்லலைன்னா அது சென்டம்.

ஒரு கேள்வி

மறுநாள் சாயங்காலம் புனலூருக்குத் தேங்காய் லோடு. ஏத்தி, தார்ப்பாய் கட்டி முடிச்சுட்டு அப்பா வண்டியில ஏறி உக்காந்தார். கிளம்புவார்னு நினைச்சேன். ஜன்னல் வழியா என்னைப் பார்த்து, "பாப்பா, போலாமா?"ன்னு கேட்டார்.

சாதாரணமா அப்பா வெளியே கிளம்பும்போது சொல்றது "வரேன்". அன்னைக்குக் கேட்டது வேற. வண்டி அவரோடது, ரோடு அவருக்குத் தெரியும், இருபது வருஷ அனுபவம் அவருக்கு. ஆனா அந்த ஒரு விஷயத்துல முடிவு என்கிட்ட இருந்துச்சு. மூணரை வருஷ காலேஜ்ல யாரும் என்கிட்ட இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. "டிஃபைன்", "டிரைவ்", "எக்ஸ்பிளெயின்"னு கேட்டிருக்காங்க. 'நீ செஞ்சதை நம்பி நான் போலாமா'ன்னு கேட்டது எங்க அப்பா மட்டும்தான்.

நான் உடனே பதில் சொல்லலை. பானெட் பக்கம் போய் ரிசர்வாயர்ல அளவு பார்த்தேன். உள்ள ஏறி ஒரு மிதி மிதிச்சேன். கல்லு மாதிரி நின்னுச்சு. அப்புறம்தான் "போலாம்ப்பா"ன்னேன்.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. ஆரியங்காவு தாண்டி இறக்கம் ஆரம்பிக்கும். ரெண்டாவது கியர்ல இறங்குவார். ஒவ்வொரு நிப்பிளையும் மனசுக்குள்ள திரும்பத் திரும்ப முறுக்கிப் பார்த்தேன். ஒரு மணி தாண்டி வாட்ஸ்அப்ல வந்தது: "எறங்கியாச்சு. பிரேக் சூப்பர்." அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துச்சுன்னு சொன்னா நம்புவீங்களா தெரியலை.

நம்ம பரீட்சையில 50 எடுத்தா பாஸ். 75 எடுத்தா வீட்ல ஸ்வீட் வாங்குவாங்க. பிரேக் வேலையில நாலு சக்கரத்துல மூணு சரியா இருந்தா அது 75 மார்க் இல்லை. அது பூஜ்யம். இதைப் புரிஞ்சுக்க எனக்கு ஒரு வேப்பமரத்தடி தேவைப்பட்டுச்சு. லேப்ல ரீடிங் வரலைன்னா பக்கத்து பேட்ச்ல வாங்கி எழுதிடலாம். அப்பா இறங்குற மலைக்கு ரீடிங்கை யார்கிட்ட வாங்குறது?

எதைத் தொடக்கூடாது

இதைப் படிச்சுட்டு உடனே ஸ்பானரோட கிளம்பிடாதீங்க. வீட்ல வேலை பார்க்கிறதுல பாதி, எங்கே நிறுத்தணும்னு தெரிஞ்சுக்கிறது. டீசல் பம்ப்பை நான் தொட மாட்டேன். அதுக்குத் தனி மெஷின் வச்சு அளவு பார்க்கிற கடைங்க இருக்கு. டிரம் கடையிறது லேத் வேலை. வெல்டிங் எனக்கு வராது, அண்ணாச்சிதான். எனக்கு எது தெரியாதுங்கிற லிஸ்ட் முன்னைவிட இப்ப பெருசு. ஆனா இப்ப அது பேர் போட்ட லிஸ்ட். முன்னாடி மொத்தமா 'வண்டி ரிப்பேர்'னு ஒரே இருட்டா இருந்துச்சு.

புது வண்டிங்க கதை வேற. 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6 வந்ததுக்கு அப்புறம் சென்சாரும் கம்ப்யூட்டரும் இல்லாம ஒண்ணும் கிடையாது. ஓபிடி சாக்கெட்ல ஒரு சின்னக் கருவியைச் செருகினா பிழைக் குறியீட்டைப் போன்லயே படிக்கலாம், அது நல்லதுதான். ஆனா படிச்சதுக்கு அப்புறம் பார்ட்ஸும் சாஃப்ட்வேரும் கம்பெனி சர்வீஸ்ல மட்டும்தான்னா, அண்ணாச்சி மாதிரி ஆட்கள் என்ன பண்ணுவாங்க? இது என் சொந்தப் புலம்பல் இல்லை. 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்து உத்தரவிட்டது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-லேயே வண்டிகளுக்கான 'பழுது பார்க்கும் உரிமை'யைச் சட்டமாக்கியது. நம்ம மத்திய அரசும் 2022-ல இதுக்காக ஒரு குழு போட்டு, அந்த வருஷக் கடைசியில ஒரு இணையதளத்தைத் திறந்தது. அதுல சொல்லப்பட்ட நாலு துறையில வண்டியும் ஒண்ணு. நாளைக்கு நம்மள்ல யாராவது வண்டிக் கம்பெனியில டிசைன்ல உக்காந்தா, ஒரு போல்ட்டை வைக்கும்போது அதுக்கு வெளியில இருந்து ஸ்பானர் போகுமான்னு ஒரு நிமிஷம் யோசிங்க. மரத்தடியில படுத்துக்கிட்டு யாரோ உங்களை வாழ்த்துவாங்க.

அப்புறம்?

எனக்கு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில வேலை கிடைச்சிருக்கு. கல்விக் கடன் இருக்கு, போகத்தான் போறேன். "அப்ப இந்த கிரீஸ் எல்லாம் வேஸ்ட்டா?"ன்னு ரூம்மேட் கேட்டா. நான் அப்படி நினைக்கலை. நான் எழுதப்போற கோடு யாரோ ஒருத்தரோட சம்பளத்தையோ, மருந்துச் சீட்டையோ, ரயில் டிக்கெட்டையோ தாங்கும். அவங்க ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து "போலாமா?"ன்னு கேக்க மாட்டாங்க, ஏன்னா நான் யார்னே அவங்களுக்குத் தெரியாது. கேக்கலைன்னாலும் கேள்வி இருக்கு. டெஸ்ட்ல மூணு கேஸ் பாஸ், ஒண்ணு ஃபெயில்னா சப்மிட் பண்ணிட்டு டீ குடிக்கப் போற பழக்கம் இனிமே எனக்கு வராது.

தாத்தாவோட 800-க்கு 2028-ல ஆர்சி புதுப்பிக்கணும். 15 வருஷம் ஆன காருக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிற கட்டணம் முன்னாடி 600 ரூபாய்தான். 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு. 20 வருஷம் தாண்டின கார்களுக்கு 2025-ல 10,000 ஆக்கிட்டாங்க. வண்டியோட விலையே அவ்வளவு வருமான்னு தெரியலை. "அதை அப்ப பார்த்துக்கலாம்"ங்கிறார் தாத்தா. நான் என் முதல் வருஷச் சம்பளத்துல அதுக்குன்னு தனியா எடுத்து வைக்கப்போறேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்க.

இந்த வாரம் ஊருக்குப் போனா நீங்க ஒரே ஒரு வேலை செய்யுங்க. வண்டியைக் கழட்ட வேண்டாம். உங்க வீட்டு பைக்கோ காரோ ஆட்டோவோ, அதோட பிரேக் ஆயில் கடைசியா எப்ப மாத்தினாங்கன்னு வீட்ல கேளுங்க. "அதெல்லாம் மாத்தணுமா?"ன்னு திருப்பிக் கேட்டாங்கன்னா, உங்களுக்கு ஒரு வேலை இருக்கு. அந்த வண்டியில தினமும் யார் போறாங்கன்னு மட்டும் யோசிச்சுக்கிட்டே அதைச் செய்யுங்க.